கை வர்ற வரைக்கும்

"எங்கம்மாவுக்கு டி.டி.ஐ. ஸ்கேன் எடுக்கணும் சார். நீங்க எழுதிக் குடுத்தா நானே எடுத்துக்கறேன்."

மெர்லின் இதைச் சொன்னபோது டாக்டர் நந்தகுமார் திரையில் யாருடைய முதுகெலும்பையோ பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. சேலத்தில் அந்த ஸ்கேன் சென்டரில் அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லப்பட்ட விதி ஒன்று உண்டு. டெக்னீஷியன் ஆளைப் படுக்கவைக்கலாம், பொத்தானை அமுக்கலாம், படத்தை அனுப்பலாம். எதை எடுக்க வேண்டும் என்று கேட்கக் கூடாது. சொந்தக்காரர்களுக்காகக் கேட்கவே கூடாது. சொன்னவர் இதே நந்தகுமார்தான்.

"யாரு கேட்டா? நியூரோ டாக்டரா?"

"யாரும் கேக்கல சார். நான் கேக்கறேன்."

"அம்மாவுக்கு ரத்தம் கசிஞ்சப்பவே சி.டி. எடுத்தாச்சே. அப்புறமும் ஒண்ணு எடுத்தீங்க. அதுல எல்லாம் தெரியுமே."

"ரத்தம் எங்க நின்னுச்சுன்னு தெரியும். கரைஞ்சிருச்சுன்னு தெரியும். மூளையிலருந்து கைக்கு இறங்கற வழி மிச்சமிருக்கா, அத்துப்போச்சான்னு அதுல தெரியாது. நீங்கதான் எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க."

இப்போது நாற்காலி திரும்பியது.

"மூளையில கட்டி எடுக்கறதுக்கு முன்னால அதை எடுப்போம். கத்தி எங்க படக் கூடாதுன்னு சர்ஜன் தெரிஞ்சுக்கறதுக்கு. பக்கவாதத்துக்கு இங்க யாரும் அனுப்பறதில்ல. தெரிஞ்சு என்ன பண்ணப்போற? வழி இருந்தாலும் பயிற்சிதான், இல்லேன்னாலும் பயிற்சிதான்."

"எங்க ஊட்ல அப்படி இல்லீங்க சார்." சேலத்துக்காக வைத்திருந்த பேச்சு நழுவிச் சொந்த ஊர் ஆட்டையாம்பட்டி வந்துவிட்டது. "கை வர்ற வரைக்கும்னு ஒரு சொல்லு வெச்சிருக்காங்க. அதச் சொல்லியே எல்லாரையும் உக்கார வெச்சிருக்காங்க. வருமா வராதான்னு எவனும் வாயைத் தொறக்க மாட்டேங்கறான். எனக்குத் தெரியோணும்."

'எவனும்' என்பதில் தானும் சேர்த்தி என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உன் லீவு எப்ப முடியுது?"

"முடிஞ்சு போச்சுங்க."

"மேனேஜர் வேற ஆளப் போட்டுக்கலாமான்னு கேட்டுட்டே இருக்கார். நான்தான் தள்ளிட்டிருக்கேன். இதுக்கு மேல தள்ள முடியாது." மறுபடியும் திரைக்குத் திரும்பினார். "வியாழக்கிழமை சாயங்காலம் கூட்டம் இருக்காது. கூட்டிட்டு வா. நீ கேட்டதுக்காக இல்ல. ரத்தக்கசிவுக்கு நானும் இதைப் பாத்ததில்ல."

நன்றி சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் பஸ்ஸுக்கு ஓடினாள். பிந்திப் போனால் அத்தை கேட்பாள்.

*

வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைதான் அவர்கள் பிழைப்பு. ஆட்டையாம்பட்டியில் தறிச்சத்தம் கேட்காத தெருவும் இல்லை, முறுக்கு எண்ணெய் வாசனை அடிக்காத தெருவும் இல்லை. அந்தத் தெருவில் இரண்டும் இருந்தன. கொட்டகைக்குச் சொந்தக்காரி சாலம்மாள், மெர்லினின் அப்பா கிறிஸ்துராஜுக்கு அக்கா. புருசன் இல்லாதவள். தம்பி குட்டியானை வண்டியில் முறுக்கு டின்களை ஏற்றி ராசிபுரம், சேலம் பேக்கரிகளுக்குப் போட்டு வருவார். மற்றதெல்லாம் அக்காள் சொல்வதுதான்.

விடிவதற்குள் மாவு பிசைந்தாக வேண்டும். பச்சரிசி மாவு, வறுத்து அரைத்த உளுந்து மாவு, வெண்ணெய், எள், ஓமம், உப்புத் தண்ணீர். பிசைந்த மாவு காய்ந்தால் முறுக்கும்போது விண்டு போகும், தண்ணீர் கூடினால் எண்ணெய் குடிக்கும். பெண்கள் இரண்டு வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நனைத்து விரித்த துணியில் சுற்றுவார்கள். வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாவை முறுக்கிக்கொண்டே வர, கயிறு மாதிரி வட்டத்துக்கு வெளியே வட்டமாக அது படியும். இடது கை மடியில் கிடக்கும். சாலம்மாளின் கொட்டகையில் இடது கை மாவில் பட்டால் அந்த உருண்டை கோழிக்குத்தான். யாராயிருந்தாலும். கல்யாணச் சீருக்கு முறுக்கு சொல்ல வருகிறவர்களிடம் அவள் இதைச் சொல்லாமல் விடமாட்டாள்.

தட்டகல முறுக்குகள் சீருக்குப் போகும். அதைச் சுற்றுகிற இடம் அடுப்புக்குப் பக்கத்தில், வரிசையின் தலைமாட்டில். அந்த இடம் அந்தோணிமேரியுடையது. மெர்லினின் அம்மா.

பங்குனி வெயிலில் தகரத்துக்குக் கீழே, எண்ணெய்ச் சட்டிக்கு எதிரில் அவள் சரிந்தபோது, உட்கார்ந்தபடியே தூங்குகிறாள் என்று பக்கத்திலிருந்த கண்ணாத்தாள் நினைத்தாள். சுற்றிக்கொண்டிருந்த முறுக்கு பாதியில் நின்றிருந்தது. வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. பிரஷருக்குக் கொடுத்த மாத்திரையை அவள் தைப்பொங்கலோடு நிறுத்தியிருந்தாள். தலைவலி இல்லை, எதற்கு மாத்திரை. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

ரத்தம் மூளையின் இடது பக்கத்தில் கசிந்திருந்தது. ஆபரேஷன் வேண்டாம் என்றார்கள். பிழைத்தாள். நாக்கு தடித்துப்போய், வலது காலை இழுத்துக்கொண்டு, வலது கையைத் தொங்கவிட்டுக்கொண்டு வீடு வந்தாள்.

அப்போதிருந்துதான் அந்தச் சொல். அம்மாளுக்குக் கை வர்ற வரைக்கும் மெர்லின் உக்காரட்டும். அவளுக்குத்தான் சின்ன வயசிலிருந்தே கை பழகியிருக்கிறது. படிப்பெல்லாம் எங்கே ஓடிப்போகிறது.

குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். ரேடியோகிராபி என்று சேர்ந்தபோது, "அதென்ன, போட்டோப் புடிக்கற படிப்பா?" என்று அத்தை கேட்டாள். பரீட்சைக்கு முந்தின நாளும் முறுக்கு சுற்றிவிட்டுத்தான் படித்தாள். அவள் விரலில் இருந்த சூட்டுக் காயத்தைப் பார்த்து, கெமிஸ்ட்ரி லேபில் சுட்டுக்கொண்டாயா என்று பள்ளிக்கூட டீச்சர் கேட்டபோது ஆமாம் என்று சொல்லியிருக்கிறாள். இப்போது நீல நிற யூனிபார்மை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு அம்மாவின் இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அம்மாவின் கையை வரவைக்க என்னென்னவோ செய்தார்கள். பயிற்சி கொடுக்க வந்த பையன் விரலைப் பிடித்து நீட்டியபோது அவள் கத்தினாள் என்று அத்தை அவனை வரவேண்டாம் என்றுவிட்டாள். காற்றுப் படக் கூடாது என்று கையைக் கம்பளிக் குல்லாவுக்குள் நுழைத்துத் துணியால் சுற்றிக் கழுத்தில் தொட்டில் கட்டினார்கள். வெண்ணந்தூர்ப் பக்கத்திலிருந்து காத்தான் என்று ஒரு நாட்டு வைத்தியர் புறாவோடு வந்தார். அறுத்த சூட்டோடு ரத்தத்தைத் தோளிலிருந்து விரல்வரை தேய்த்து, காய்ந்து கறுக்கும்வரை வெயிலில் உட்காரவைத்தார். குளிக்கக் கூடாது என்றார். மாதா கோவிலில் வெள்ளியில் கை வாங்கிப் போடுவதாக அப்பா நேர்ந்துகொண்டார். ஒரே ஒரு காரியத்தை மட்டும் யாரும் செய்யவில்லை. நன்றாக இருந்த இடது கையில் ஒரு கரண்டியைக்கூடக் கொடுக்கவில்லை. சோற்றை ஊட்டிவிட்டார்கள். சாமி கும்பிடும்போது நெற்றியில் சிலுவை போட்டுவிட்டார்கள்.

"வந்துரும் சாமி. எங்க சித்தப்பனுக்கு ஆறு மாசத்துல வந்துச்சு" என்றாள் கண்ணாத்தாள், துணியில் முறுக்கை முடித்து நுனியை அழுத்திவிட்டு.

"அவருக்கு ரத்தக்குழாய் அடைப்பு. இது வெடிச்சது. ரெண்டும் வேற."

"படிச்ச புள்ளைக்குத் தெரியாததா. ஆனாலும் வாயில நல்லதா சொல்லோணும்."

"நல்லதச் சொல்லிச் சொல்லித்தான அது கைய மூட்டையாட்டக் கட்டி வெச்சிருக்கீங்க."

"பாத்தயா, என்ன பேச்சு." கண்ணாத்தாள் எதிர்வரிசையைப் பார்த்துச் சிரித்தாள். "இவளைக் கட்டப்போறவன் பாவம். காலைல எந்திரிச்சதும் மண்டைய ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டுத்தான் காப்பி குடுப்பா."

"உள்ள ஒண்ணுமில்லேன்னா காப்பி எதுக்குங்க்கா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. சாலம்மாள் அடுப்பிலிருந்து சாரணியை எடுத்துச் சட்டி விளிம்பில் தட்டினாள். சிரிப்பு நின்றது. சுவரோரம் நாற்காலியில் கம்பளி சுற்றிய கையோடு அம்மா இருந்தாள். அவள் கண் மெர்லினின் விரல்களிலேயே இருந்தது. நாலாவது சுற்று இறுகிப்போயிருப்பதை அவள் பார்த்துவிட்டாள் என்று மெர்லினுக்குத் தெரியும். சொல்லமாட்டாள். சொல்ல நாக்குப் புரளாது என்பதும் ஒரு காரணம்.

*

வியாழக்கிழமை குட்டியானையில் மூவரும் போனார்கள். அப்பா ஓட்டினார். அம்மா நடுவில்.

"எதுக்கு?" என்றாள் அம்மா. நாக்கு சொல்லைத் தேய்த்துத்தான் விட்டது.

"கை எப்ப வரும்னு பாக்கறதுக்கு" என்றார் அப்பா.

"வருமான்னு பாக்கறதுக்கு" என்றாள் மெர்லின்.

அப்பா கியரை மாற்றினார்.

ஸ்கேன் அறைக்கு வெளியே அம்மாவின் ஊக்கு, வளையல், மெட்டி எல்லாவற்றையும் மெர்லின் கழற்றினாள். கழுத்துக் கயிற்றில் மாதா சுரூபம் இருந்தது. அம்மா அதை இடது கையால் பொத்திக்கொண்டாள்.

"மாதாவக் கழட்ட மாட்டன்."

"மாதா இருந்தாப் பரவால்லம்மா. மாட்டியிருக்கற வளையம் இரும்பு. மிஷின் இழுத்துரும். அப்பா கையில இருக்கட்டும்."

"பொய் சொல்லாத."

"நான் எப்பம்மா பொய் சொன்னேன்? அதானே இந்த ஊட்ல பிரச்சினை."

அம்மா கையை எடுத்தாள். கம்பளியை அவிழ்த்தபோது உள்ளிருந்து புறா ரத்தமும் வேர்வையும் புளித்த வாடை அடித்தது. விரல்கள் உள்ளங்கைக்குள் மடிந்து, நகம் தோலில் பதிந்திருந்தது. வேலைக்கு வந்த நாளிலிருந்து எத்தனையோ பேரை அந்தக் குழாய்க்குள் தள்ளியிருக்கிறாள். இன்று அம்மாவின் மடிந்த விரல்களைத் துணியால் துடைத்துவிட்டுத் தள்ளினாள். தலையைச் சுற்றிக் கூண்டை மாட்டி, காதில் பஞ்சு வைத்து, அசையாதே என்று சொல்லிவிட்டு வெளியே வந்து கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

மிஷின் ஒவ்வொரு திசையாக எடுத்தது. எல்லாம் முடிந்து வெளியே இழுத்தபோது அம்மா கண்ணைத் திறந்தாள்.

"தறிக் குடோன்ல படுத்தாப்புடி இருக்குது" என்றாள்.

படத்தைக் கணக்குப் போட்டு எடுக்க நேரம் பிடித்தது. அப்பாவை உள்ளே கூப்பிடச் சொன்னார் டாக்டர். அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"நரம்புக்குள்ள இருக்கற தண்ணி, நரம்பு போற பக்கமாத்தான் ஓடும். குறுக்க ஓடாது" என்றார் டாக்டர். "அந்தத் தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு மிஷின் பாக்குது. அதை வெச்சுக் கோடு போடுது. மேலருந்து கீழ எறங்கற கோட்டுக்கு நீலம். இது நரம்போட போட்டோ இல்ல, கணக்குங்கறத ஞாபகம் வெச்சுக்கங்க."

வலது பக்கத்தில், மூளையின் உச்சியிலிருந்து நீலக் கோடுகள் கத்தையாக இறங்கி, குறுகி, தண்டு வரைக்கும் போயின. இடது பக்கத்தில் உச்சியிலிருந்து கிளம்பிய கத்தை நடுவழியில், ரத்தம் தேங்கியிருந்த இடத்தில் நின்றுபோயிருந்தது. ஓரத்தில் மயிரிழைகளாகச் சில மட்டும் கீழே போயின. மெர்லின் டாக்டர் சொல்வதற்கு முன்னாலேயே பார்த்துவிட்டாள்.

"இந்த மிச்சம் இருக்கறது கால் பக்கத்தோடது. அதான் நடக்கறாங்க. தோள் இன்னும் கொஞ்சம் தூக்குவாங்க. விரலு..." அவர் மெர்லினைப் பார்த்தார். "விரலை ஒண்ணொண்ணா அசைக்கற நுணுக்கம் இந்த வழியிலதான் வரணும். படத்துல வழி இல்ல. படம் நூத்துக்கு நூறு சொல்லாது. ஆனா நான் விரலுக்காகக் காத்திருக்க மாட்டேன். விரல் மடங்கி இறுகாம நீட்டி விடணும், அது முக்கியம். இன்னொரு கையைப் பழக்குங்க. இன்னைக்கே."

"சரிங்க" என்றார் அப்பா. எதற்குச் சரி என்று அவருக்கே தெரிந்திருக்காது.

மெர்லினுக்கு மூச்சு விட முடிந்தது. அவ்வளவு நாளாக நெஞ்சுக்கு மேலே உட்கார்ந்திருந்த ஏதோ இறங்கிப்போனது. பெற்றவளின் கை செத்துப்போனதைப் பார்த்து நிம்மதியா என்று உடனே தன்மேலேயே காறித் துப்பலாம்போல இருந்தது. நிம்மதி அதற்காகப் போய்விடவில்லை.

திரும்பி வரும் வழியில் டீக்கடையில் வண்டியை நிறுத்தினார் அப்பா. அம்மா வண்டிக்குள்ளேயே இருந்தாள். மெர்லின் டீயை ஆற்றித் தம்ளரை அவள் இடது கையில் கொடுத்துவிட்டு வந்தாள். அம்மா குடிக்கவில்லை. பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இத அவகிட்டச் சொல்லப் போடாது" என்றார் அப்பா.

"ஏனுங்கப்பா?"

"நம்பிக்கை போயிரும். நம்பிக்கையிலதான் உசுரோட இருக்கறா."

"அது நம்பிக்கையில இல்லீங்க. நாற்காலியில இருக்குது. இடது கை சும்மா கெடக்குது. அதுல பழகலாம்ல."

"பீச்சாங்கையிலயா?" அவர் நிஜமாகவே திகைத்தார். "அக்காகிட்டப் போயி அதச் சொல்லிப் பாரு. சீர்க்காரன் எவன் நம்மகிட்ட வருவான்? நாளைக்கு வெண்ணந்தூர்க் கல்யாணத்துக்குச் சுத்தியாகோணும். நீ உக்காரு. மத்தத அப்பறம் பாக்கலாம்."

"அப்பறம்னா எப்பங்கப்பா?"

"கை வர்ற..." என்று ஆரம்பித்துவிட்டு அவர் நிறுத்திக்கொண்டார். சர்க்கரை கரையாத டீயை மண்ணில் ஊற்றிவிட்டு வண்டிக்குப் போனார்.

*

மறுநாள் காலையில் மெர்லின் யூனிபார்மைப் போட்டுக்கொண்டு கொட்டகைக்குள் வந்தாள். மடிப்புக் கோடு நெஞ்சில் குறுக்கே தெரிந்தது. தோளில் பை. வரிசையில் பெண்கள் உட்கார்ந்துவிட்டிருந்தார்கள். தலைமாட்டு இடத்தில் மாவு உருண்டை ஈரத்துணி போர்த்தி வைக்கப்பட்டிருந்தது.

"ஏஞ்சாமி, துணி மாத்தல? மாவு காயுது பாரு" என்றாள் சாலம்மாள்.

"நான் வேலைக்குப் போறேனுங்கத்தே."

"போலாம். யாரு வேண்டாங்கறா. உங்கம்மாளுக்குக் கை வர்ற வரைக்கும் பொறுத்துக்க."

"வராதுங்க."

கண்ணாத்தாள் கையிலிருந்த உருண்டையை வைத்துவிட்டாள். வெளியே டின் ஏற்றிக்கொண்டிருந்த அப்பா வாசலுக்கு வந்தார்.

மெர்லின் அம்மாவின் நாற்காலிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். தொட்டிலை அவிழ்த்து, துணியைச் சுற்றிச் சுற்றி எடுத்து, குல்லாவை உருவினாள்.

"நேத்து எடுத்தது இதுக்குத்தாம்மா. மூளையிலருந்து விரலுக்கு வர்ற வழி, ரத்தம் நின்ன எடத்துல அத்துப்போச்சு. காலுக்குப் போறதுல கொஞ்சம் மிச்சமிருக்குது. இன்னும் நல்லா நடப்ப. தோளத் தூக்குவ. விரல் முறுக்குச் சுத்தற அளவுக்கு வராது. டாக்டர் நூத்துக்கு நூறுன்னு சொல்லல. ஆனா காத்திருக்காதீங்கன்னாரு. நானும் பாத்தேன்."

"மெர்லின்" என்றார் அப்பா.

"இப்பச் சொல்லாம எப்பங்கப்பா சொல்றது?"

"நீ வேலைக்குப் போறதுக்காகப் பெத்தவ கைய அத்துட்டயேடி" என்றாள் சாலம்மாள்.

மெர்லின் எழுந்து நின்றாள். முகம் சிவந்துவிட்டது. "படத்தப் பாத்தப்ப எனக்கு மூச்சு வந்துச்சு. ஆமாங்க. இல்லேன்னு சொல்ல மாட்டேன். அதுக்காகப் படம் பொய்யாயிருமா? நான் அழுதிருந்தா வழி முளைச்சிருக்குமா?"

"புள்ளையா இது" என்று எதிர்வரிசையில் யாரோ சொன்னார்கள்.

அம்மா தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை இடது கையால் தூக்கி மடியில் வைத்தாள். பிறகு பேசினாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நேரமானது.

"சோறு?"

"இடது கையில. ஸ்பூன்ல."

"தல வார?"

"இடது கையில. கஷ்டமாத்தான் இருக்கும்."

"சிலுவ எந்தக் கையில போடறது?"

"இருக்கற கையில போடும்மா."

அம்மாவின் வாய் நல்ல பக்கமாகக் கோணியது. அழுகையா கோபமா என்று தெரியவில்லை. "சாமிக்கு... பீச்சாங்கையில."

"வேற கை குடுக்கலையே சாமி."

"வாய அளந்து பேசு" என்றாள் சாலம்மாள். சாரணியைக் கீழே வைத்தாள். "சோறு திங்கட்டும், தல வாரட்டும். உங்கம்மா இந்தக் கொட்டாயில பீச்சாங்கைய மாவுல வெக்கோணுங்கறயா? அதானே சுத்தி வளைச்சு வர்ற?"

"சுத்தி வளைக்கலீங்க. அதத்தான் சொல்றேன்."

"அந்தக் கை எதிர்ப்பக்கமாத் திருப்பியில்ல சுத்தும். சீர்த்தட்டுல திருப்பிச் சுத்துன முறுக்க வெக்கறதா? கழுவற கையி. எவ திம்பா?"

"ஏனுங்கத்தே," என்றாள் மெர்லின், "பங்குனியில இருந்து எங்கம்மாவக் கழுவி உடறது யாருங்க?"

சாலம்மாள் அடுப்புப் பக்கம் திரும்பினாள்.

"நானு. வெளிக்குப் போனா நான்தான் தூக்கி உக்கார வெச்சு நான்தான் கழுவறேன். எடது கையில அம்மாவத் தாங்கிப் புடிக்கோணும். அப்ப எந்தக் கையில கழுவுவேன்? எவளாவது கேட்டீங்களா? சோப்புப் போட்டுக் கழுவிட்டு நேரா இங்க வந்து அதே சோத்தாங்கையில சுத்துனேன். ஒரு உருண்டை கோழிக்குப் போகல. போன மாசம் ராசிபுரத்துச் சீருக்குப் போச்சு. நல்லாருக்குன்னு அடுத்த கல்யாணத்துக்கும் சொல்லிட்டுப் போனாங்க."

கண்ணாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அருவருப்பா, இரண்டுமா. மற்றவர்கள் தங்கள் முன்னால் கிடந்த துணியைப் பார்த்தார்கள். அப்பா வாசல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவமானம் பண்ணிட்டயேடி" என்றாள் சாலம்மாள், மெதுவாக. அவள் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே அடிபட்டிருந்தாள். "உங்கம்மா ஓய்வா இருக்கட்டும்னுதானே எல்லாம் பண்ணுனோம். ஒரு வேலை ஏவுனோமா? ராணியாட்டம் உக்கார வெச்சு ஊட்டி உடறோம்."

"அதத்தானுங்க வேண்டாங்கறேன்." மெர்லினின் குரலும் இறங்கியது. "நீங்க கெட்டது நினைக்கல. எனக்குத் தெரியும். ஆனா நான் அங்க உக்காந்திருக்கற வரைக்கும் அந்த எடம் நெறஞ்சே இருக்கும். வேலை நடக்கும். யாருக்கும் அவசரம் வராது. இன்னும் ரெண்டு கல்யாணம், நாலு கல்யாணம்னு போயிரும். எனக்கும் போயிரும், அம்மாவுக்கும் போயிரும்."

அம்மா தலையைத் தூக்கினாள்.

"எனக்கு... பிச்சையா எடம் உடறயா?"

இந்தக் கேள்வியை மெர்லின் எதிர்பார்க்கவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள்.

"உன்ற எடந்தானம்மா அது."

"நீ போறதுக்கு என்னய எதுக்கு இழுக்கற? போறதுன்னாப் போ."

"போறேன். நீ உக்காந்தாலும் போறேன், உக்காரலைன்னாலும் போறேன். சாயங்காலம் வந்து விரல நீட்டி உடறேன். பயிற்சி குடுத்த பையன் திங்கக்கிழமை வருவான், நான் பேசிட்டேன். குல்லா இனி வேண்டாம். அதச் சொல்லத்தான் உன்கிட்ட வந்தேன்."

அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அம்மா அப்படித் திரும்பினால் அன்றைக்கு இனிப் பேச்சில்லை. குழந்தையிலிருந்து மெர்லினுக்குத் தெரிந்ததுதான்.

அவள் பையைத் தோளில் சரிசெய்தாள். கீழே கிடந்த கம்பளிக் குல்லாவை எடுத்து அடுப்புக்குள் போட்டாள். புகைந்தது. கண்ணாத்தாளைத் தாண்டி, மாவு உருண்டையைத் தாண்டி வாசலுக்கு வந்தாள். அப்பா சட்டத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

"பஸ் ஸ்டாப் வரைக்கும் கொண்டாந்து உடமாட்டேன்" என்றார்.

"நடந்துக்கறேனுங்க."

கையை எடுத்தார். அவள் வெளியே வந்தாள். வெளியில் காய்ந்த முறுக்குத் துணிகள் கொடியில் விறைத்துத் தொங்கின. பக்கத்துக் குடோனில் தறி ஓட ஆரம்பித்திருந்தது. அந்தச் சத்தத்துக்கு மேலே அத்தையின் குரல் வந்தது.

"கண்ணாத்தா, தலைமாட்டுல வந்து உக்காரு. சீர் முறுக்க நீ எடு."

துணி சரசரத்தது. கண்ணாத்தாள் எழுந்திருக்கிறாள் போலிருக்கிறது. பிறகு நாற்காலிக் கால் தரையில் இழுபடும் சத்தம். அதற்குப் பிறகு அம்மாவின் குரல். தடித்து, தேய்ந்து, ஆனால் வாசலைத் தாண்டிக் கேட்கிற அளவுக்கு.

"அங்க ஒருத்தரும் உக்கார வேண்டாம்."

மெர்லின் நிற்கவில்லை. எட்டே காலுக்கு பஸ். படலைத் தள்ளிக்கொண்டு ரோட்டில் இறங்கினாள்.